கான்ராட்டைத் தனியாகப் பாடம் வைக்காதீர்கள்

ஆங்கில இலக்கியப் பாடத்திட்டம் வகுக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம்.

ஜோசப் கான்ராட்டின் 'ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்' பாடத்தில் இருக்கட்டும். காங்கோவில் நடப்பது கொள்ளை என்று 1899இலேயே ஐரோப்பிய வாசகர்களிடம் சொன்ன கதை அது. ஆனால் துணைக்கு வேறெந்தக் குரலும் இல்லாமல் அதை மாணவர் கையில் கொடுப்பது பெரிய தவறு.

அந்த நாவலில் காங்கோ மக்கள் எப்படி வருகிறார்கள் என்று பாருங்கள். உருளும் கண்கள், ஆடும் கைகால்கள், கூச்சல், முரசொலி. பெரும்பாலும் கூட்டம்தான். அவர்கள் வாய்திறந்து பேசுவது அபூர்வம். ஓரிடத்தில், கரையில் இருப்பவர்களைப் பிடித்துக்கொடு, தின்கிறோம் என்கிறார் ஒருவர். இன்னோரிடத்தில், கதையின் மையமான ஐரோப்பியத் தந்த வியாபாரி கர்ட்ஸ் செத்துவிட்டான் என்ற செய்தி வருகிறது. கர்ட்ஸின் ஆப்பிரிக்கக் காதலிக்குப் பேச்சே கிடையாது. ஐரோப்பாவில் அவனுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணோ கடைசிப் பக்கங்களில் மனம்விட்டுப் பேசுகிறாள்.

நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே 1975இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் இதையெல்லாம் எடுத்துவைத்தார். ஒரு ஐரோப்பியனின் மனம் சிதைவதைக் காட்ட ஒரு கண்டத்தையே பின்திரையாக்கலாமா என்று கேட்டார். கான்ராட்டை இனவெறியர் என்றே சொன்னார். "அது கதைசொல்லி மார்லோவின் பார்வைதானே?" என்று வகுப்பில் பதில் வரும். அதற்கும் அச்செபே விடை வைத்திருந்தார்: மார்லோவை எடைபோட நாவலுக்குள் வேறொரு பார்வைக்கு இடமே தரப்படவில்லை. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

"அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் பார்த்தார்கள்" என்பது இன்னொரு சமாதானம். அதை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஜார்ஜ் வாஷிங்டன் வில்லியம்ஸ் என்ற கறுப்பின அமெரிக்க வரலாற்றாசிரியர், 1890 ஜூலையில் காங்கோவின் ஸ்டான்லி அருவிப் பகுதியிலிருந்து, அந்த நாட்டைத் தன் சொந்த உடைமையாக ஆண்ட பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். கோட்டுக்குள் மின்கலத்தை மறைத்துக்கொண்டு கைகுலுக்கி, வெள்ளையருக்கு அசாத்திய பலம் இருப்பதாக ஊர்த் தலைவர்களை நம்பவைத்த கதை அதில் இருக்கிறது. சில பெட்டி ஜின்னுக்கு ஊர்களையே எழுதி வாங்கியது இருக்கிறது. மக்களை அடிமைகளாக நடத்தியதும் இருக்கிறது. ஏமாற்றப்பட்டவர்களை ஊரும் நிலமும் உரிமையும் உள்ள மனிதர்களாகவே அவர் பார்த்தார். கான்ராட் நீராவிப் படகில் அதே ஸ்டான்லி அருவிக்கு வந்து சேர்ந்தது அதே ஆண்டு செப்டம்பரில்! மறு ஆண்டே வில்லியம்ஸ் இறந்துபோனார். அவர் பெயரைக் கேள்விப்படாமலேயே முதுகலை முடிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது வலிக்கிறது.

ஆகவே நாவல், அச்செபேயின் உரை, வில்லியம்ஸின் மடல் மூன்றையும் ஒரே அலகில் வையுங்கள். பின்னிரண்டும் சிறியவைதான், சில வகுப்புகளில் முடித்துவிடலாம். அப்புறம் வினாத்தாள். கர்ட்ஸின் வீழ்ச்சியை விவரிக்கச் சொல்லும் கேள்விக்குப் பக்கத்தில், அவனுடைய தந்தத்தைச் சுமந்தவர்களைப் பற்றியும் ஒரு கேள்வி கேளுங்கள், அதே மதிப்பெண்ணுக்கு.

இப்படிக்கு,
ஓர் இலக்கிய வாசகர்