மறைத்த பக்கத்தையும் வாசித்த பையன்

காரைக்குடி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மழை பிடித்துக்கொண்டதில் வளவு ஓட்டில் ஒழுக்கு. கொத்தனார் பின்னாலேயே அலைந்ததில் பதில் தாமதமாகிவிட்டது, பொறுத்துக்கொள்.

உன் மகள் வளர்ப்புப் பராமரிப்பில், அதாவது தத்தெடுக்காமல் தன் வீட்டில் வைத்து வளர்க்க ஏற்றிருக்கும் குழந்தை ஐந்தாம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டத் தடுமாறுகிறாள், அரசுப் பள்ளியில் "கவனமில்லை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். ஓய்வுக்குப் பின் மாலையில் நான் பாடம் சொல்லித்தரப் போகும் குழந்தைகள் இல்லத்திலும் இதே கதைதான்.

அங்கே ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் தமிழ்ப் பாடத்தைத் தங்குதடையின்றி வாசித்தான். எனக்கு ஏதோ தட்டியது. பக்கத்தின் கீழ்ப்பாதியை உள்ளங்கையால் மறைத்தேன். அவன் நிற்கவில்லை, என் கைக்கு அடியிலிருந்த வரிகளையும் சொல்லிக்கொண்டே போனான். அதே பக்கத்தில் 'மரம்' எங்கே என்று கேட்டதும் விரலை இங்கும் அங்கும் நகர்த்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான். நான்கு ஆண்டுகளில் மூன்று ஊர் மாறியவன். விடுபட்ட மாதங்களை யாரும் கணக்கெடுக்கவில்லை, மக்கு என்ற பெயர் மட்டும் கூடவே வந்திருக்கிறது. கடைசியாக மாறியபோது மாற்றுச் சான்றிதழ் வரவில்லை, எமிஸ் என்ற இணையவழி மாணவர் பதிவேட்டில் பழைய பள்ளி அவன் பெயரை விடுவிக்கவில்லை என்று மூன்று வாரம் சேர்க்காமல் இழுத்தடித்தார்களாம். சான்றிதழ் தாமதத்தைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. அதை அங்கே போய்ச் சொல்ல அவனுக்கு ஆள் இல்லை.

என் மகனுக்கு மதிப்பெண் குறைந்தபோது தலைமையாசிரியர் அறைக்கு நான் எத்தனை நடை நடந்தேன் என்பது உனக்கே தெரியும். இந்தப் பிள்ளைகளுக்காக அப்படி நடக்கவேண்டியவர் இன்னார் என்று குறித்து வைக்காவிட்டால், காப்பாளர் கண்காணிப்பாளரைக் கைகாட்டுவார், அவர் வகுப்பாசிரியரைக் கைகாட்டுவார். உன் வீட்டில் அந்த ஆள் உன் மகளாகவே இருக்கட்டும். முதலில் குழந்தைக்குக் கண்ணையும் காதையும் சோதித்துவிடச் சொல். பாதிப் பேருக்கு இதையே யாரும் செய்வதில்லை. பிறகு, கல்வித் துறையின் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரைக் கொண்டு குழந்தையைப் பார்க்க வேண்டும் என்று தலைமையாசிரியருக்கு எழுத்திலேயே கொடுத்து, நகலை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் அனுப்பட்டும். குழந்தையின் தனிநபர் பராமரிப்புத் திட்டத்தில் படிப்பும் ஒரு பகுதி என்பதால் அவர்கள் இதைத் தட்டிக்கழிக்க முடியாது. வாசிப்பது, எழுதுவது போன்றவற்றில் மட்டும் தடுமாற வைக்கும் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்று தெரியவந்தால் அஞ்ச வேண்டாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் அதையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் கேட்டுப் பெறலாம்.

குழந்தையை உன் மகளிடம் ஒப்படைத்த குழந்தைகள் நலக் குழுவின் ஆணை நகலை எப்போதும் கையில் வைத்திருக்கட்டும். மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை வரும் செய்தியை மட்டும் பள்ளியில் வாய்தவறியும் சொல்ல வேண்டாம். அதைக் கேட்டதும் சிலர் பேசும் தொனியே மாறிவிடுகிறது.

நம் இல்லத்துப் பையன் இப்போது எழுத்துக்கூட்டுகிறான். போன வாரம் நிறுத்தத்தில் 'தேவகோட்டை' என்ற பலகையை அவன் வாசித்து முடிப்பதற்குள் பேருந்து புறப்பட்டுப் போய்விட்டது. அடுத்த பேருந்துக்கு இருவரும் அரை மணி நேரம் நின்றோம்.

பள்ளிக்கு எழுதும் கடிதத்தைக் கொடுப்பதற்கு முன் எனக்கு ஒரு நகல் அனுப்பச் சொல், பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்