பச்சரிசியைக் கீழே வை, மஞ்சு

மஞ்சு,

ஆடியில நீ போட்ட லெட்டருக்கு இப்பதான் பதில், திட்டாதே. இங்க எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு அதே முட்டி வலி. குடியாத்தத்துல வெயில் இன்னும் இறங்கல.

நேத்து போன்ல நீ மாசமா இருக்கிற சேதி சொன்னதும் குதிச்சுட்டேன்டி. ஆனா, "அரிசி புடைக்கும்போது ஒரு பிடி வாயில போட்டுக்கறேன், நிறுத்த முடியல"ன்னு சிரிச்சியே, அதுலேர்ந்து எனக்குத் தூக்கமே வரல. உன் மாமியார் பக்கத்துல இருந்தாங்க, போன்ல பேச முடியல. அதான் எழுதறேன்.

ஏழாங்கிளாஸ்ல உன் டப்பால மட்டும் பல்பம் எப்படிடி காணாமப் போகும்? நீதானே தின்னே! இப்படி அரிசி, பல்பம்னு தின்னத் தோணுறது ரத்தம் கம்மியா இருக்கிறதுக்கு அடையாளமா இருக்கலாம். அப்பவே உனக்கு ரத்தம் கம்மியா இருந்திருக்குமோன்னு இப்ப தோணுது.

பெரியவன் வயித்துல இருக்கும்போது எனக்கும் இதேதான். முதல்ல அரிசி, அப்புறம் திருநீறு. மசக்கைன்னா அப்படித்தான்னு வீட்ல சொன்னாங்க, நானும் விட்டுட்டேன். அஞ்சாம் மாசம்தான் காட்டப் போனேன். நர்ஸம்மா கீழ் இமையை இழுத்துப் பார்த்தாங்க. உள்ள சிவப்பே இல்ல, தேங்காய்ச் சில்லு மாதிரி வெளேர்னு. ஹீமோகுளோபின் 7.8. கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழ போனாலே ரத்தசோகைதான். இரும்புச்சத்தை டிரிப்ஸா ஏத்தினாங்க. அவன் பொறந்தப்போ 2 கிலோ. சட்டைக் கைக்குள்ள அவன் கை தேட வேண்டியிருந்துது, அதை நான் இன்னும் மறக்கல.

"மூணு மாசம் முடியட்டும், கண்ணு பட்டுடும்"னு உங்க வீட்ல சொன்னா ஊருக்குச் சொல்ல வேணாம். நர்ஸம்மாவுக்குச் சொல்லித்தான் ஆகணும். 12 வாரத்துக்குள்ள பதியணும், ரத்தம் பார்க்கணும். குழந்தையோட தண்டுவடம் முதல் வாரங்கள்லயே உருவாகிடும். அதுக்குத்தான் ஃபோலிக் ஆசிட், தினம் 400 மைக்ரோகிராம், மூணு மாசம் வரைக்கும். இரும்பு மாத்திரை வழக்கமா நாலாம் மாசத்துலேர்ந்து. உனக்கு முன்னாடியே வேணுமான்னு ரத்தம் பார்த்துட்டு அவங்க சொல்லுவாங்க.

கை அரிசிக்குப் போனா பக்கத்துல பொரி வச்சுக்கோ. காலைல குமட்டினா எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி அதையே நாலு வாயில போடு. முருங்கைக்கீரை போட்டு கேவுரு அடை சுடு, கூட ஒரு நெல்லிக்காய். புளிப்பு இருந்தா இரும்பு உடம்புல சேரும். டீ சேர விடாது, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சுக் குடி. உன் அண்ணன் ரத்தம் ஊறும்னு ஆட்டு ஈரல் தூக்கிட்டு வருவான், இப்ப வேணாம்னு சொல்லு. அதுல வைட்டமின் ஏ ரொம்ப அதிகம், இந்த மாசங்கள்ல ஆகாது. கறியை நல்லா வேகவச்சுச் சாப்பிடு. குங்குமப்பூவுக்கு எடுத்து வச்ச காசுல முட்டை வாங்கு, பூவால நிறம் வராது.

வியாழக்கிழமை வேலூர்ல இறங்கி ஆரணி பஸ் பிடிக்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம், உன் மாமியார்கிட்ட நான் பேசிக்கறேன். கொல்லை மரத்துக் கீரை ஒரு பை கொண்டு வர்றேன், உருவுறது உன் வேலை.

தேவி