உன் பையனை நான் ஏன் பார்க்க முடியாது

மதுரை,
ஞாயிறு இரவு

அன்புள்ள முருகேசா,

உன் பையனுக்கு என்னையே கவுன்சலிங் கொடுக்கச் சொன்னாய், நான் போனில் சட்டென்று "முடியாது" என்று சொல்லிவிட்டேன். உனக்குச் சுருக்கென்று இருந்திருக்கும், "சரி சரி, பார்த்துக்கலாம்" என்று நீ வைத்த விதத்திலேயே தெரிந்தது. அதனால்தான் எழுதுகிறேன். நேரில் பேசினால் நீ திட்டி, நான் சிரித்து, விஷயம் எங்கேயோ போய்விடும்.

பன்னிரண்டு வருஷம் பள்ளியில் கெமிஸ்ட்ரி எடுத்தவன் எப்படி இந்தக் கவுன்சலிங் வேலைக்குள் வந்தான் என்று கேட்டாய். பெரிய கதை இல்லை. மதிய இடைவேளையில் அழுதுகொண்டு வருகிற பிள்ளைகள் ஏனோ என்னைத் தேடி வந்தார்கள், நானும் வாய் வலிக்க அறிவுரை சொன்னேன், ஒருத்தரும் தேறியதாகத் தெரியவில்லை. அப்புறம்தான் வேலையை விட்டுவிட்டு எம்.எஸ்சி. கவுன்சலிங் சைக்காலஜி. நான் டாக்டர் இல்லை, மாத்திரை எழுத முடியாது, அது சைக்கியாட்ரிஸ்ட் வேலை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் வேறு, அவர் அதற்கென்று தனியாகப் படித்து இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். மூன்று மாத சர்டிபிகேட்டை வைத்துக்கொண்டு போர்டு மாட்டியவர்களும் ஊரில் உண்டு. ஆகவே யாரிடம் போனாலும் என்ன படித்தீர்கள் என்று கேள், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

பயிற்சியில், வருகிறவரோடு நான் பேசுவதை டேப்பில் பதிந்து மேற்பார்வையாளரிடம் கொடுக்க வேண்டும். முதல் டேப்பைக் கேட்டுவிட்டு நோட்டைத் திருப்பிக் காட்டினார். பால் கணக்கு மாதிரி நாலு கோடு, அதன் மேல் ஒரு குறுக்குக் கோடு, இப்படி இரண்டு கட்டு, கூட ஒன்று. நாற்பது நிமிஷத்தில் பதினொரு தடவை "கவலைப்படாதீங்க" என்று சொல்லியிருக்கிறேன். "அவர் கவலையைச் சொல்லத்தானே வந்தார், நீங்க விடவே இல்லையே" என்றார். வாத்தியார் புத்தி, லேசில் போகுமா? இன்றைக்கும் நாக்கு நுனி வரை வந்து நிற்கும்.

அமெரிக்காவில் கார்ல் ரோஜர்ஸ் என்ற சைக்காலஜிஸ்ட் 1957-இல் எழுதியதைத்தான் நான் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். எதிரே இருப்பவரின் இடத்தில் நின்று புரிந்துகொள்வது, நிபந்தனை போடாமல் மதிப்பது, நடிக்காமல் இருப்பது. கேட்க எளிதுதான். ஆனால் ஒருவர் நாலு நிமிஷம் ஒன்றும் பேசாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீயும் சும்மா இருந்து பார், அப்போது தெரியும். "பேசுறதுக்கு எதுக்குடா காசு" என்றாயே, அந்த நாலு நிமிஷத்துக்குத்தான் காசு.

அதோடு ஆரோன் பெக் என்ற அமெரிக்க சைக்கியாட்ரிஸ்ட் 1960-களில் கொண்டுவந்த முறையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்வேன். தெருவில் தெரிந்தவர் பார்க்காமல் போகிறார் என்று வை. "கண்ணாடி போட மறந்திருப்பார்" என்று நினைக்கிறவன் தன் வேலையைப் பார்க்கப் போவான், "என்னை மதிக்கவில்லை" என்று நினைக்கிறவன் ராத்திரி தூங்கமாட்டான். நடந்தது ஒன்றுதான். அந்த நடுவில் ஓடுகிற நினைப்பை ஒரு நோட்டில் எழுதச் சொல்லி, அது எவ்வளவு நிஜம் என்று இரண்டு பேருமாகச் சோதிப்போம்.

இதையெல்லாம் இங்கிலீஷில் படித்ததுதான் தொல்லை. நம் ஆட்கள் யாரும் வந்து 'டிப்ரஷன்' என்று சொல்வதில்லை. நெஞ்சை அடைக்குது, தலை பாரமா இருக்கு, எதுலயும் மனசு ஒட்டலை. பாதிப் பேர் ஈ.சி.ஜி. எடுத்துவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள். அந்தச் சொற்களையே பிடித்துக்கொண்டு போனால்தான் வழி கிடைக்கும். ஒன்றை மட்டும் சுற்றி வளைக்காமல் கேட்பேன்: செத்துப்போயிடலாம்னு தோணுதா? கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடும் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். வராது. கேட்டதும் பலருக்குத் தோள் இறங்குவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நீயும் அவனிடம் கேட்கலாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணையும் குறித்து வை, அரசாங்கத்தின் மனநல உதவி போன் அது, 2022-இலிருந்து இருக்கிறது, இலவசம், நடுராத்திரியிலும் தமிழில் பேசுவார்கள்.

இப்போது உன் பையன். நீட்டில் இரண்டாவது தடவையும் போய்விட்டது, சாப்பிட வருவதில்லை, விடிய விடிய போன் என்கிறாய். அவனை நான் பார்க்கிறேன் என்று வை, மூன்றாம் நாளே நீ கூப்பிட்டு "என்னடா சொன்னான்?" என்பாய். சொல்லாவிட்டால் உனக்குக் கோபம். சொன்னால் அவன் இனி எந்த அறையிலும் வாயைத் திறக்கமாட்டான். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வீட்டுக்குச் சொல்வோம், அதையும் முதல் நாளே அவனிடம் சொல்லிவிடுவோம். அது போக, அவன் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் உன்னோடு நின்று டீ குடித்தவன் நான். என்னை மாமா என்கிறவன் உன்னைப் பற்றிக் கசப்பாக ஒரு வார்த்தை சொன்னால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும். (அவனுக்கு உன்மேல் கோபம் இருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது. போன வருஷம் கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் மார்க் கணக்கு பேசினாய்.)

என்னோடு கவுன்சலிங் படித்த ஒருவர் திருநெல்வேலியில் இருக்கிறார், நிதானமான மனுஷி, பையன்களுக்குப் பிடிக்கும். நம்பர் தனியாக அனுப்புகிறேன். முதல் நாள் கூடப் போ, வெளியே பெஞ்சில் உட்கார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒன்றும் கேட்காதே, வழியில் புரோட்டா வாங்கிக் கொடு. மருந்து வேண்டியிருந்தால் அவரே டாக்டரிடம் அனுப்புவார், அதற்குப் பயப்படாதே.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்தது, இப்போது என் சட்டையில் கறை எங்கே என்று தெளிவாகத் தெரிகிறதாம். நீ கொடுத்தனுப்பிய கடலைமிட்டாய் வீட்டுக்கே வரவில்லை, என் அறையில் டிஷ்யூ பெட்டிக்குப் பக்கத்திலேயே தீர்ந்துவிட்டது. அழுது முடித்தவர்கள் கிளம்பும்போது ஒன்று எடுத்துக்கொள்கிறார்கள். இது எந்தப் பாடத்திலும் இல்லை. அடுத்த தடவை இரண்டு பாக்கெட் அனுப்பு.

உன்,
சேகர்