பாடியவருக்கு எந்தப் பந்தி?

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய கட்டுரையைப் பொறுமையாகப் படித்தேன். தீட்டு எல்லா நாட்டிலும் இருக்கிறது, நம்மூரை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும் என்று முடித்திருக்கிறாய். அந்தக் கடைசி வரிதான் எனக்கு இறங்கவில்லை.

நீ எடுத்துக்காட்டிய மானிடவியலாளர் மேரி டக்ளஸ் 1966-இல் சொன்னது எனக்கும் பிடித்துத்தான் இருக்கிறது. தலையில் இருக்கும் முடிக்குப் பூ வைக்கிறோம். அதுவே சோற்றில் கிடந்தால் வட்டிலையே தள்ளிவிடுகிறோம். இடம் மாறினால் அழுக்கு. காங்கோவின் லேலே மக்களிடம் அவர் பார்த்த அழுங்கு (எறும்புதின்னி) கதையும் அருமை: மீன்போலச் செதில், மரம் ஏறும், மனுசரைப்போல ஒரு குட்டிதான் போடும். எந்த வகையிலும் அடங்காததால் அதற்கென்றே தனிச் சடங்கு. பன்றியை யூதர்கள் ஏன் ஒதுக்கினார்கள் என்பதற்கும் இதே கணக்கைப் போட்டார்: குளம்பு பிளந்திருக்கிறது, அசை மட்டும் போடாது. அது சரியில்லை என்று பின்னாளில் அவரே சொல்லிவிட்டார். அந்த நேர்மைக்காகவே அவரை இன்னும் பிடிக்கும்.

ஜப்பானில் எழவு வீட்டுக்குப் போய் வந்தால் வாசலிலேயே உப்புத் தூவிக்கொள்கிறார்கள். நாம் பொடக்காளியில், அதான் கொல்லைப்புறத்தில், தண்ணி வார்த்துக்கொண்டுதான் உள்ளே வருகிறோம். இதுவரைக்கும் நீ சொல்வது சரி.

ஆனால் இந்தத் தீட்டெல்லாம் கழுவினால் போகிறது, கண்ணு. எனக்கு மாதாமாதம் திண்ணையில் தனித்தட்டு வைத்தார்கள், எரிச்சலாகத்தான் இருக்கும். இருந்தாலும் மூன்றாம் நாள் தலைக்கு ஊற்றினால் அடுப்படி திரும்ப என்னுடையது. என் தீட்டுத் துணியை வெளுத்த ஏகாலி வீட்டம்மாவுக்கு எந்த நாள் முடிந்தது? நம் அழுக்கைப் போக்கியவர்கள்மேல் அது நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் இதைச் சாதியின் அடிப்படையாகவே எழுதினார். அவர் அதை ஒரு ஒழுங்காக ரசித்துச் சொல்வதுபோல எனக்குப் படும். கீழே நின்று பார்த்தவர் அப்படி எழுதமாட்டார்.

நம்ம கொங்குக் கல்யாணத்தையே எடுத்துக்கொள். மங்கல வாழ்த்து பாடுவது குடிமகன், அதாவது ஊர் நாவிதர். கம்பர் பாடிக் கொடுத்தது என்பார்கள். குடிமகன் பாடாமல் சீர் நிறையாது. எழவென்றாலும் சவரத்துக்கும் கருமாதிக்கும் அதே குடும்பம்தான் வர வேண்டும். மணவறைக்கு முன்னால் நிற்கலாம், பந்தியில் நம்மோடு உட்கார முடியாது என்றால், அழுங்குபோல வகையில் அடங்காதவர் என்றா சொல்வாய்? வகை பிரித்தது யார் என்று கேட்க வேண்டாமா? உங்க அப்பிச்சி தோட்டத்தில் ஆட்களுக்குக் காப்பித்தண்ணியைக் கொட்டாங்குச்சியில்தான் ஊற்றினார்கள். தீண்டாமைக்குத் தண்டனை என்று 1955-லேயே சட்டம் வந்தாயிற்று. டீக்கடைகளில் தனி டம்ளர் அதற்கப்புறமும் தொங்கியது.

பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் 1960-களில் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி, 1972-இல் புத்தகம் போட்டார். உன் நூலகத்தில் இருக்கும், எடுத்துப் பார். யார் யாரிடம் சோறு வாங்குகிறார்கள் என்பதெல்லாம் அதில் வரும்.

அப்புறம் லீவுக்கு வரும்போது, பாடி முடித்ததும் எங்கே உட்கார வைத்துச் சோறு போட்டார்கள் என்று குடிமகன் வீட்டுப் பெரியவர்களிடமே போய்க் கேள். உன் பெரியப்பாவிடம் கேட்காதே. "நாமெல்லாம் அதப் பாக்கறதே இல்லியே கண்ணு" என்பார்.

அம்மா