பெயர்களின் வரிசை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. விபத்தில் இறந்தவர்களுக்கு நகரின் நடுவே நினைவிடம் அமைக்கும் பொறுப்பு உன்னிடம் வந்திருப்பதையும், முப்பது மீட்டர் உயரத்தில் தூண் ஒன்றை எழுப்ப நீ எண்ணியிருப்பதையும் அறிந்தேன். நானோ கைநடுக்கத்தால் வரைவதை விட்டுவிட்டு, மாணவர்களின் வரைபடங்களில் குறை கண்டு காலம் கழிக்கிறேன். அந்தப் பழக்கம் உன் தூணையும் விடவில்லை, பொறுத்துக்கொள்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் கட்டிய நினைவிடத்தில், முகப்பின் அழகு கெடக் கூடாதென்று பெயர்களை ஆளுயரத்துக்கு மேலே பொறித்திருந்தேன். திறப்பு விழா முடிந்த மாலையில், ஒரு மூதாட்டி அருகிலிருந்தவரிடம் கெஞ்சிப் பேரனைத் தோளில் ஏற்றச் செய்து, அவன் விரல் தன் மகனின் பெயர்மீது படும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். அதன்பின் உயரத்தின்மேல் எனக்கிருந்த மோகம் போய்விட்டது.

வாஷிங்டனில் 1982-இல் திறக்கப்பட்ட வியட்நாம் போர் நினைவுச் சுவரை நினைத்துப் பார். 1,421 வடிவங்கள் வந்த போட்டியில் தேர்வானது, 21 வயது மாணவி மாயா லின் வரைந்தது. தரைக்குள் இறங்கும் அந்தக் கருங்கல் சுவர்களில், 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் அகர வரிசையில் அல்லாமல் உயிரிழந்த கால வரிசையில் உள்ளன. சுவர்கள் கூடும் மூலையில் தொடங்கும் வரிசை, ஒரு கோடிவரை சென்று, மறு கோடியிலிருந்து மீண்டும் அதே மூலைக்கு வந்து முடிவதால், முதலில் இறந்தவரும் கடைசியில் இறந்தவரும் அருகருகே நிற்கிறார்கள். அகர வரிசையில் இருந்திருந்தால் அது வெறும் பதிவேடாகியிருக்கும்; இப்போதோ ஒரே நாளில் வீழ்ந்த தோழர்கள் கல்லிலும் சேர்ந்தே இருக்கிறார்கள். பின்னர் சேர்க்க வேண்டிவந்த பெயர்களையும் அந்தச் சுவர் ஏற்றுக்கொண்டது. உன் கல்லிலும் கொஞ்சம் வெற்றிடம் விட்டுவை.

நியூயார்க்கில் 2011-இல் திறந்த செப்டம்பர் 11 தாக்குதல் நினைவிடத்தில், அதை வடிவமைத்த மைக்கேல் அராட் இதை இன்னும் ஒரு படி கொண்டுசென்றார். 2,983 பெயர்களில் யாருக்கு அருகில் யார் இருக்க வேண்டுமென்று குடும்பங்களையே கேட்டு, ஆயிரத்துக்கும் மேலான வேண்டுகோள்களுக்கு இணங்க வரிசையை அமைத்தார்கள். வெண்கலப் பலகையில் எழுத்துகள் ஊடுருவ வெட்டப்பட்டிருப்பதால், பிறந்தநாளில் அந்தப் பெயரில் ஒரு வெள்ளை ரோஜாவைச் செருகி வைக்க முடிகிறது. பூ வைக்க ஓர் இடம் என்பது சிறிய விஷயம்தான். ஆனால் பல வரைபடங்களில் அதைத்தான் காணோம்.

பெர்லினில், நாஜிகளால் கொல்லப்பட்ட யூதர்களின் நினைவிடத்தில் கட்டடக் கலைஞர் பீட்டர் ஐசன்மன் நட்ட 2,711 கான்கிரீட் பாளங்களில் ஒரு பெயரும் இல்லை என்று நீ வாதிடுவாய். உண்மைதான். ஆனால் அங்கும் நிலத்தடித் தகவல் மையத்தில் பெயர்கள் வாசிக்கப்படுகின்றன.

ஆகவே தூணின் அளவுகளை ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் அந்தக் குடும்பங்களைச் சந்தித்துவா. பெயர்கள் எந்த வரிசையில் நிற்க வேண்டுமென்று அவர்கள் சொன்னதை எனக்கு எழுது. சக்கர நாற்காலியில் வருபவரின் கைக்கு எட்டும் உயரத்தைப் பிறகு சேர்ந்தே கணக்கிடுவோம்.

என்றும் அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்