ஞாயிறு சைக்கிள் பயணம்: செம்மண் பாதை

வணக்கம் நண்பர்களே,

வரும் ஞாயிறு காலை 5.30க்குக் குயிலாப்பாளையம் கடைத்தெருவில் கூடுவோம். ஆரோவில் காட்டு வழியாக இடையஞ்சாவடி, அப்புறம் இரும்பை ஏரி. முடிந்தவரை கார், பஸ் தொல்லையில்லாத சரளைப் பாதையிலேயே போவோம். 1968இல் பொட்டலாகக் கிடந்த மேட்டில் மரம் நட்டு வளர்த்த காடு இது. அதைப் பார்ப்பதற்கே வரலாம்.

1. ஹெல்மெட் கட்டாயம்.
2. தண்ணீர், மாற்று டியூப், பம்ப்.
3. அகல டயர் நல்லது. காற்றைச் சற்றுக் குறையுங்கள். நிரம்ப அடித்தால் சரளையில் வழுக்கும், கையும் அதிரும்.
4. முந்தின இரவு மழை பெய்தால் பயணம் இல்லை. ஈரச் செம்மண்ணில் சக்கரம் பதிந்தால் பாதை பாழாகிவிடும்.

பிள்ளைகளும் வரலாம், பெற்றோர் கூடவே ஓட்ட வேண்டும். வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் இங்கே பெயர் போடுங்கள். இரவல் சைக்கிள் வேண்டுமென்றால் அதையும் சொல்லுங்கள்.