ஒரு பகல் போதுமாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு தங்கள் இதழின் விடுமுறைச் சிறப்புப் பக்கத்தில் வெளியான கட்டுரையில், "மட்டக்களப்பைக் குடும்பத்தோடு சுற்றிப் பார்க்க ஒரு பகல் போதும், மாலையில் அறுகம்குடாவுக்குப் புறப்பட்டுவிடலாம்" என்ற வரியை வாசித்தேன். எழுதியவர் எங்கள் வாவியின் பாடும் மீன்களைப் பற்றி ஒரு பந்தி முழுக்கப் புகழ்ந்துவிட்டே இந்த முடிவுக்கு வந்திருக்கிறார். அந்த ஓசையைக் கேட்க வேண்டுமானால், பூரணையை அண்டிய காற்றடங்கிய இரவில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை வாவிக்குள் ஆழ்த்தி மறுமுனையில் காதை வைக்க வேண்டும் என்பது தாங்கள் அறியாததன்று. பகலிலேயே ஊரை முடித்துக்கொண்டு போகிறவருக்கு மீன்கள் எப்போது பாடினவோ தெரியவில்லை.

அப்பந்திக்கு மேலே அச்சிட்டிருந்த படத்துக்கு "1924 இல் கட்டப்பட்ட கல்லடிப் பாலம்" என்று குறிப்பும் கொடுத்திருந்தீர்கள். படத்தில் இருப்பது 2013 இல் திறக்கப்பட்ட புதிய பாலம். ஆளுநர் மனிங்கின் துணைவியார் பெயரைத் தாங்கிய பழைய இரும்புப் பாலம் அதன் பக்கத்திலேயே நிற்கிறது. படம் பிடித்தவர் கொஞ்சம் திரும்பி நின்றிருந்தால் போதுமாயிருந்தது. கோட்டையை ஒல்லாந்தர் கட்டியதாக எழுதியதையும் பொறுத்துக்கொள்ளலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் அது போர்த்துக்கேயர் 1628 இல் எழுப்பியது, ஒல்லாந்தர் 1638 இல் கைப்பற்றியது என்பதை எங்கள் ஊரில் பாடசாலைப் பிள்ளையே சொல்லிவிடும்.

எங்களை ஒரு பகலில் அடக்கிவிடுவது தங்கள் இதழுக்கும் புதிதல்ல. யுத்தகாலத்தில் எங்கள் பெயர் இழப்புச் செய்திகளில் மட்டும் வந்தது. 2004 கடற்கோளுக்குப் பின் கல்லடியும் நாவலடியும் சில வாரங்கள் முதற்பக்கத்தில் இருந்தன. இப்போது விடுமுறை வந்தால் பாசிக்குடாவின் நீலக் கடலை மட்டும் அச்சிடுகிறீர்கள். மாமாங்கேஸ்வரர் ஆலயத்தின் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கும், தேர் நாளில் கொக்கட்டிச்சோலைச் சிவன் கோயிலுக்கும் குடும்பம் குடும்பமாகத் திரள்கிற சனம் தங்கள் கட்டுரையாளர் கண்ணில் படவேயில்லை. மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்பட்டதிலிருந்து, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போக அவ்விடத்தில் பாதை எனப்படும் மிதவைப் படகுக்காகக் காத்துக் கிடந்த காலமும் போய்விட்டது. மண்டூர் முருகனைப் பார்க்கக் குருமண்வெளித் துறையில் பாதையேறி வாவியைக் கடக்கும்போது சிறுபிள்ளைகளுக்கு உண்டாகும் குதூகலத்தை எந்த விடுதியின் நீச்சல் குளமும் தராது என்பது என் எண்ணம். பாலமீன்மடுவில் 1913 ஆம் ஆண்டு வெளிச்சவீடும், வாவி கடலோடு சேரும் முகத்துவாரமும் ஒரு மாலைப்பொழுதையே கேட்கும்.

பாசிக்குடாவையும் நான் குறை கூறவில்லை. அலையில்லாத அந்தக் குடாவில் வெகுதூரம் வரை இடுப்பளவு தண்ணீர்தான்; பிள்ளைகளோடு போக அதைவிட நல்ல கடல் இந்தக் கரையில் இல்லை. ஆனால் கடந்த சித்திரை விடுமுறையில் சோற்றுப் பார்சல்களோடு வான் பிடித்துப் போன எங்களை, நிழலுக்கு ஒதுங்கிய இடத்தில் ஒரு விடுதியின் காவலாளி மிக மரியாதையாக எழுப்பிவிட்டார். நனைந்த பிள்ளைகளுக்கு உடுப்பு மாற்ற மறைவிடம் தேடி என் மருமகள் அலைந்ததையும், மலசலகூடத்தின் பூட்டுக்குத் திறப்பு யாரிடம் என்று எவருக்கும் தெரியாதிருந்ததையும், முழங்கால் நோவோடு வந்த என் மனைவி வானுக்குள்ளேயே இருந்து திரும்பியதையும் நான் விரித்துரைக்க விரும்பவில்லை. அவ்விடுதிகளின் கட்டணத்தை விபரமாகத் தந்த கட்டுரை, மாவட்டத்துக்குள்ளிருந்தே பஸ்ஸில் வந்து அன்றே திரும்பும் குடும்பங்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. உள்ளூரவர் சுற்றுலாப் பயணிகளின் கணக்கில் சேர்வதில்லை என்பது தங்கள் ஆசிரிய பீடத்தின் கொள்கையாயின் அதையும் பணிவோடு ஏற்றுக்கொள்கிறேன்.

இதழின் இட நெருக்கடி எனக்குத் தெரியும். ஆகவே பெரிதாக எதையும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு அந்தப் படக்குறிப்பைத் திருத்தி வெளியிடுங்கள். இனி இத்தகைய கட்டுரை வரும்போது, ஒவ்வொரு இடத்திலும் பொது மலசலகூடம் உண்டா, அது எந்நேரம் வரை திறந்திருக்கும், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பனவற்றை ஒரு சிறு பெட்டிக்குள்ளாவது போட்டுவிடுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.